பர்மாக்கார வீடு
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

எங்கள் தெருவில் எங்கள் வீட்டிற்கு எண் தேவையில்லை. “பர்மாக்கார வீடு” என்று கேட்டால் சிறு பிள்ளையும் காட்டிவிடும். ஆனால் நானோ என் அம்மாவோ பர்மாவைக் கண்ணால் கண்டதில்லை! அம்மா பிறந்தது எண்ணூரில், நான் பிறந்தது இதே மணலியில். அந்தப் பெயருக்கு உரியவர் எங்கள் ஆயா ஒருவரே.

ஆயா 1965-ஆம் ஆண்டு, தம் எட்டாம் வயதில், இரங்கூனிலிருந்து கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்தார். 1962-இல் அந்நாட்டில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமற் போயின. ஆயாவின் தந்தையாருக்குக் கடையும் போயிற்று, பெட்டியிலிருந்த பணமும் வெறுங் காகிதமாயிற்று. இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் தமிழகம் வந்தனர். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினர். கடற்கரை ரயில் நிலையத்தருகே 1969-இல் பர்மா பஜார் தோன்றியதும் இவர்களாலேதான்.

இவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் “தாயகம் திரும்பியோர்”. ஆயா பிறந்ததே இரங்கூனில். பார்த்தேயிராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? அங்கே “கலா” என்று, அயலாரென்று, இகழப்பட்டவர்கள் இங்கே வந்ததும் பர்மாக்காரர் ஆகிவிட்டார்கள். 1961-இல் மேற்கு ஜெர்மனி செய்த ஒப்பந்தத்தின்படி அங்கே வேலைக்குப் போன துருக்கியரின் கதையும் இதுவே. அவர்களுடைய பிள்ளைகள் ஜெர்மனியில் துருக்கியர். விடுமுறைக்குத் துருக்கி சென்றாலோ “அல்மான்ஜி”, அதாவது ஜெர்மன்காரர்!

முதல் தலைமுறை ஊரை இழக்கிறது. இரண்டாம் தலைமுறை மொழியை இழக்கிறது. அதை யாரும் பறிப்பதில்லை. கேலி செய்தாலே போதும். அம்மா பள்ளியில் படித்த நாளில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் “பர்மா நாத்தம்” என்று சிரிப்பார்களாம். அன்றிலிருந்து தெருவில் ஆயா பர்மிய மொழியில் ஒரு சொல் சொன்னாலும் அம்மாவுக்குப் பிடிக்காது. இன்று நான் ஆசையோடு கேட்டால் ஆயாவுக்குப் பாதிச் சொற்கள் மறந்துவிட்டன. பாரிமுனைப் பக்கம் அத்தோ கடைகளில் இப்போது கூட்டம் அலைமோதுகிறதே, அவர்களில் எத்தனை பேர் அன்று சிரித்தவர்களோ!

அடுத்து நான் எழுதப்போவதை அம்மாவும் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். எங்கள் வீட்டின் பின்போர்ஷனுக்குச் சென்ற ஆண்டு ஒரு ஒடிசாக் குடும்பம் வந்து கேட்டது. தகப்பனாருக்கு இங்கே தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. “வடக்கத்திக்காரங்க வேணாம்” என்றார் அம்மா. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆயா நிமிராமலே, “கப்பல்ல வந்தப்போ நம்மள மட்டும் யாரு வேணும்னாங்க?” என்றார். வீடு கொடுக்கப்பட்டது. ஆனால் மற்றவரிடம் வாங்குவதைவிட இரண்டு மாத அட்வான்ஸ் கூடுதலாக வாங்கப்பட்டது. அது நியாயமன்று என்பதே என் கருத்து. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். “வீட்டு வரி நீ கட்டு” என்கிறார்.

அக்குடும்பத்துச் சிறுமிக்கு ஏழு வயது. ஓராண்டிலேயே மணலித் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். எங்களைப் பார்த்து அவளும் ஆயா என்றே அழைக்கிறாள். எல்லோரும் அவளை மெச்சுகிறோம். ஆனால் சென்ற வாரம் அவள் தாய் வாசலில் நின்று ஒடிய மொழியில் கூப்பிட்டபோது, கூட விளையாடிய பிள்ளைகள் அதேபோல் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். அவள் காது கேளாதவள் போல் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

ஆயாதான் திண்ணையிலிருந்து இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்தார். “அம்மா கூப்புடுறாங்க பாரு. அவங்க பேச்சுலயே பதில் சொல்லு கண்ணு. நானும் கேக்கணும்.”