விரிசலைச் சொல்லி விற்போம்



சென்ற மாதம் ஒரு மாலை வேளையில், நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் சைக்கிள் பிரேம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு என் இல்லத்துக்கு வந்தார். சக்கரங்கள் இல்லை, இருக்கை இல்லை. வெறும் பிரேம் மட்டுமே. முப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் பணியாற்றிய நாள்களில், சிறுகச் சிறுகச் சேமித்து அவர் வாங்கிய டைட்டானியம் பிரேம் அது. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்கத் தீர்மானித்திருந்தார். வாங்குவதற்கு இளைஞர் ஒருவரும் ஆயத்தமாக இருந்தார்.

அந்த உலோகத்தின் அருமையை அவரே எனக்கு எடுத்துரைத்தார். ஒரே அளவுள்ள எஃகோடு ஒப்பிட்டால், டைட்டானியத்தின் எடை ஏறக்குறைய 57 சதவீதமே. அது துருப்பிடிப்பதில்லை, ஆகவே வண்ணப்பூச்சும் தேவையில்லை. 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியக் குழாய்கள் முதலில் விமானங்களின் ஹைட்ராலிக் அமைப்புகளில் பயன்பட்டன. பின்னரே சைக்கிளுக்கு வந்தன. பழைய டைட்டானியம் பிரேமை விரும்பித் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு.

இவ்வளவும் சொன்னபின் அவர் சற்றுத் தயங்கினார். பிரேமைக் கவிழ்த்து, பெடல் அச்சு பொருந்தும் இடத்துக்கு அருகே, குழாய்கள் பற்றவைக்கப்பட்ட ஓரத்தைக் காட்டினார். மயிரிழை போன்ற விரிசல் ஒன்று தெரிந்தது.

“துடைக்கும்போதுதான் கண்டேன், ஐயா. விரிசல் உண்டா என்று அந்தத் தம்பி கேட்கவில்லை. நானாகவே சொல்ல வேண்டுமா?” என்றார்.

உடனே மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை. காரணம், மேசைமேல் இருந்த என் பழைய கைபேசி. அதை நம் வாலிபர் கூடுகையில் உள்ள மாணவர் ஒருவருக்கு விற்பதாகப் பேசியிருந்தேன். “நல்ல நிலையில் இருக்கிறது, தம்பி” என்றும் சொல்லியிருந்தேன். அதன் பேட்டரியின் கொள்ளளவு 74 சதவீதமாகக் குறைந்துவிட்டதை அமைப்புப் பக்கத்தில் நான் கண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

அந்தத் தேய்வுக்கும் நானே பெரும்பாலும் பொறுப்பு. லித்தியம் அயனி பேட்டரி எதுவாயினும், ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் சிறிதளவு முதுமை அடைகிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. 100 சதவீதத்தில் நெடுநேரம் நிறுத்தி வைப்பதும், முற்றிலும் வற்றவிடுவதும் அவ்வாறே. அன்றாடம் 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருப்பது நலம்; 80-இல் சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது பல கைபேசிகளில் உண்டு. நானோ இரவெல்லாம் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்தேன். காரின் முகப்பில் வெயிலில் காயவிட்டேன். அலைவரிசை குன்றிய இடங்களில் கைபேசி கோபுரத்தைத் தேடி மிகுந்த மின்சாரத்தைச் செலவிடும் என்பதையும், அங்கே விமானப் பயன்முறையில் வைத்தால் அது மிஞ்சும் என்பதையும் பின்னரே அறிந்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் கைபேசிகளின் பேட்டரி, 800 முறை முழுமையாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் 80 சதவீதக் கொள்ளளவைக் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். செய்பவருக்குச் சட்டம் கடமை விதிக்கிறது. பயன்படுத்துகிறவருக்கும் ஒரு கடமை இல்லையா?

“பழைய பொருளை வாங்குகிறவர்தானே பார்த்து வாங்க வேண்டும்?” என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். கண்ணுக்குத் தெரியும் கீறலுக்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் பேட்டரியின் தேய்வு கண்ணாடியில் தெரியாது. பற்றவைப்பின் ஓரத்திலுள்ள விரிசல் பிறர் கண்ணில் எளிதில் படாது. வைத்திருந்தவர் அறிவார், வாங்குகிறவர் அறியார். அந்த இடைவெளியில்தான் நம் நேர்மை சோதிக்கப்படுகிறது. உலோகத்தின் விரிசல் ஒவ்வொரு மிதிக்கும் இம்மியளவு வளரும். ஒருநாள் இறக்கச் சாலையில் வேகமாகச் செல்கையில் பிரேம் முறியக்கூடும். தேய்ந்த பேட்டரியோ, இரவில் பேருந்து நிறுத்தத்தில் தனித்து நிற்கும் மாணவன் வீட்டுக்கு அழைக்க முயலும் நேரத்தில் அணைந்துபோகக்கூடும். நாம் காத்த மௌனத்தின் விலையை அவர்களே செலுத்துவார்கள்.

நீதிமொழிகள் கள்ளத்தராசைக் கண்டிப்பதை நாம் அறிவோம். அன்று தராசுத் தட்டில் ஒளிந்த பொய், இன்று “நல்ல நிலையில்” என்னும் இரண்டு சொற்களில் ஒளிந்துகொள்கிறது. “கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை” என்பது நேர்மையாகாது.

இதையெல்லாம் என் குற்றத்தையும் சேர்த்தே அவரிடம் சொன்னேன். அவர் என் வீட்டிலிருந்தபடியே அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்தார். விரிசல் இருக்கும் இடத்தையும் அதன் நீளத்தையும் சொன்னார். இளைஞர் நன்றி கூறி, தமக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டார். உண்மை பேசியதால் உடனே நன்மை விளைந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. டைட்டானியத்தைப் பற்றவைக்கும்போது காற்று படாதபடி ஆர்கான் வாயுவால் மூடவேண்டும்; அந்தத் தேர்ச்சியுள்ளவர் இன்னும் கிடைக்கவில்லை. பிரேம் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பேத்தியின் கட்டணத்தைத் தவணையாகச் செலுத்தி வருகிறார். ஆயினும், “ஐயா, அன்று இரவு நன்றாக உறங்கினேன்” என்றார்.

மாணவரிடம் நான் 74 சதவீதத்தைச் சொன்னேன். புதிய பேட்டரிக்கு ஆகும் தொகையைக் குறைத்துக்கொண்டு கைபேசியைக் கொடுத்தேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அன்பானவர்களே, நம் கையில் இருக்கும் பொருள் ஒருநாள் வேறொருவர் கைக்குப் போகும். ஆகையால் அதைப் பேணுவது, அடுத்துப் பெறப்போகிறவரைப் பேணுவதும் ஆகும். இவ்வாரம் உங்கள் கைபேசியின் பேட்டரி நிலையை ஒருமுறை பாருங்கள். விற்கவோ கொடுக்கவோ எண்ணியுள்ள பொருள் வீட்டில் இருந்தால், அதன் குறையை ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். வாங்குகிறவர் கேட்கும்வரை காத்திராதிருங்கள்.

கர்த்தர் தாமே நம் வாயின் சொல்லையும் மௌனத்தையும் காப்பாராக. ஆமென்.