தும்பா நம் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும்

இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது 1963 நவம்பர் 21-ஆம் தேதி, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில். அதன் பாகங்களைப் பொருத்த விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த இடம், மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த புனித மகதலேனா மரியாள் தேவாலயம். அந்தத் தேவாலயமே இன்று விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ் வழியில் பயிலும் மாணவர்களுக்கும் அதில் உரிமை உண்டு. ஆனால் மூணாறு தோட்டத் தொழிலாளியின் மகள் அங்கே போய்ச் சேர ஒரு பகல் முழுவதும் பஸ்ஸில் பயணம் செய்ய வேண்டும். அப்படிப் போனாலும் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு சரி.

பார்ப்பது வேறு, செய்வது வேறு. சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, தக்கையால் அடைத்து, சைக்கிள் பம்பினால் காற்று ஏற்றினால், நீர் கீழே பீய்ச்சியடிக்க, பாட்டில் மேலே சீறும். நீரைக் கூட்டியும் குறைத்தும், ஆசிரியர் மேற்பார்வையில் இதைத் தானே செய்து பார்க்கும் மாணவன் நியூட்டனின் மூன்றாம் விதியை ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

தமிழ் வழிக் கல்வி இதற்குத் தடையல்ல. சந்திரயான்-1 திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை, பாலக்காட்டு எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி அருகேயுள்ள கோதவாடிக்காரர். தமிழில் பள்ளிப் படிப்பு படித்தவர். அவ்வாறே பயின்ற கே. சிவன், தும்பா மையத்தின் இயக்குநராகவும் பின்னர் இஸ்ரோ தலைவராகவும் உயர்ந்தார்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக இஸ்ரோ 2019-இல் தொடங்கிய 'யுவிகா' பயிற்சியில் கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்குத் தனிச் சலுகை மதிப்பெண் உண்டு. எல்லைப்புறத் தலைமை ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லி விண்ணப்பிக்கச் செய்வது கடமை. ஆயினும் நாடு முழுவதற்குமான அந்தச் சில இடங்கள் போதா.

ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அவ்வாரத்தில் மூணாறில் ஒன்று, கொழிஞ்சாம்பாறையில் ஒன்று என இரு செய்முறைப் பயிலரங்குகளைத் தமிழிலேயே நடத்த விண்வெளி மையமும் கேரளக் கல்வித் துறையும் முன்வர வேண்டும். தமிழறிந்த பொறியாளர்களுக்குத் தும்பாவில் பஞ்சமில்லை. அறிவியல் ஆசிரியர்களுக்கும் பயிற்சியளித்து, தமிழில் செய்முறைக் கையேடும் தந்தால் பலன் நிலைக்கும்.

இது சலுகை கேட்பதல்ல. மாநிலத்தின் பிற மாணவர்களுக்குக் கிடைப்பது, மலைச்சரிவிலும் எல்லையிலும் வாழும் பிள்ளைகளுக்கும் அவர்கள் மொழியில் கிடைக்கட்டும் என்பதே நம் கோரிக்கை. அரசு ஆவன செய்யுமா?