பிறவியா? வளர்ப்பா?

மனிதனுடைய முன்னேற்றத்துக்குப் பிறவிதான் காரணம், படிப்பும் பழக்கமும் மேலே பூசும் சாயமே என்று சொல்லுகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கையில் அகப்பட்டிருக்கும் சாட்சி எதுவென்றால் இராஜபாளையத்து நாய்! நாய்க்கே ஜாதியிருக்க, மனிதனுக்கு இல்லையா என்று கேட்கிறார்கள். மனிதனுக்கு நாயைச் சாட்சியிழுக்கும் நிலைமைக்கு வந்துவிட்ட கொள்கையின் யோக்கியதையை வாசகர்களே உணரலாம்.

ஆயினும் அந்தச் சாட்சியையே விசாரிப்போம். 2005-ல் தபால் தலையில் ஏறிய அந்த வெள்ளை நாய் தானாக உண்டானதல்ல. வேட்டைக்கும் காவலுக்கும் வேண்டுமென்று மனிதன் இணை பார்த்துச் சேர்த்து உண்டாக்கியது. வெண்மையையே தேடித் தேடிச் சேர்த்ததின் பலனாக அதில் பிறவிச் செவிடு அதிகம் என்பதையும் வளர்ப்பவர்கள் அறிவார்கள். இரத்தத் தூய்மையின் இலட்சணம் இதுதான்! நிற்க, மனிதரை எந்தக் காலத்தில் எவர் அறிவு பார்த்துச் சேர்த்தார்? கோத்திரமும் ஜாதகமும் சீர்வரிசையும் பார்த்தல்லவா சேர்த்தார்கள்?

இனி சில மைல் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். ஆண்டாள் யார்? நந்தவனத்தில் துளசிச் செடியடியில் பெரியாழ்வார் கண்டெடுத்த குழந்தை என்று அவர்கள் புராணமே சொல்லுகிறது. தாய் யார், தகப்பன் யார், எந்தக் குலம் என்று எவருக்கும் தெரியாது. எடுத்தவர் கோதை என்று பெயரிட்டு, தமிழும் பாட்டும் நிறைந்த வீட்டில் வளர்த்தார். அவள் பாட்டை இன்று மார்கழிதோறும் பாடுகிறார்கள். பூமிதேவியின் அவதாரம் என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்களானால், அவதாரத்துக்கே ஒரு வளர்ப்புத் தகப்பன் வேண்டியிருந்ததே, அது ஏன் என்று கேட்கிறோம்.

கதை வேண்டாம், கணக்கே பேசட்டும். தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 1951-ல் நூற்றுக்குச் சுமார் 21 பேர். 2011-ல் சுமார் 80 பேர். அந்த 60 வருஷத்தில் நம் மக்களின் இரத்தமா மாறிற்று? பள்ளிக்கூடமும் பகற்சோறும் வந்தன, அவ்வளவே. அரைநாள் படிப்பு, அரைநாள் குலத்தொழில் என்று 1953-ல் வந்த திட்டத்தை 1954-ல் காமராசர் ஒழிக்காதிருந்தால் இக்கணக்கு என்னவாகியிருக்கும்? இவ்விரண்டு ஊர்களும் சேர்ந்த விருதுநகர் மாவட்டம், மழை குறைந்த கரிசல் பூமி. பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைகளைத் தீப்பெட்டி ஒட்ட அனுப்பிய பூமி. அதே மாவட்டம் பிளஸ் டூ பரீட்சைத் தேர்ச்சியில் பல வருஷங்கள் முதலாவதாக வந்ததே!

பிறவியில் வித்தியாசமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. ஆனால் அது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமே தவிர, தெருவுக்குத் தெரு உள்ளதல்ல. விதை நல்லதா பதரா என்பது உழுது விதைத்து நீர்விட்ட பிறகல்லவா தெரியும்? நீரை ஒருவன் மடையிலேயே அடைத்துக்கொண்டு, பக்கத்து வயலைப் பார்த்து விதை மோசம் என்பது எவ்வளவு பித்தலாட்டம்!

ஆகவே தோழர்களே! பிள்ளை ஒரு பரீட்சையில் தவறினால், “நம் குலத்துக்குப் படிப்பு வராது” என்று மில்லுக்கோ காட்டுக்கோ அனுப்பிவிடாதீர்கள். பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்று நிறுத்திவிடாதீர்கள். எதிரி நம் தலையில் எழுதியதாகச் சொல்லும் எழுத்தை நாமே எழுதிக்கொள்வதாகும் அது.