ஆங்கிலத்தில் ‘த’ எங்கே போடணும்? விடை தமிழிலேயே இருக்கு!

“அம்மா இஸ் இன் ஹாஸ்பிட்டல்.” புதுக்கோட்டையிலிருந்து தங்கை அனுப்பும் இந்த வாட்ஸ்அப் மெசேஜைப் பார்த்தால், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பதறிப்போவார். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதற்கு, ‘அம்மா அட்மிட் ஆகியிருக்கிறார்’ என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்க்க அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால், “அம்மா இஸ் அட் த ஹாஸ்பிட்டல்” என்று அனுப்பலாம். அமெரிக்கர்களோ, அட்மிட் ஆனாலும் ‘இன் த ஹாஸ்பிட்டல்’ என்றுதான் சொல்வார்கள்.

‘த’ எப்போது வரும்? எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்பவருக்கும் தெரிந்திருந்தால் வரும்.

இந்த வித்தியாசம் தமிழர்களுக்குப் புதிதல்ல. “சைக்கிள் வாங்கிட்டேன்” என்றால் ஏதோ ஒரு சைக்கிள்: ‘எ சைக்கிள்’. “சைக்கிளை வாங்கிட்டேன்” என்றால் ஏற்கெனவே பேசிவைத்த சைக்கிள்: ‘த சைக்கிள்’. அந்த ‘ஐ’ செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் ‘த’ செய்கிறது. ‘ஐ’ வராத இடத்தில், முன்னால் ‘அந்த’ பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றாலும் ‘த’ வரும். மாவட்டத்துக்கு ஒரு கலெக்டர்தான். அதனால்தான் மனுவில் ‘டு த டிஸ்ட்ரிக்ட் கலெக்டர்’ என்று எழுதுகிறோம்.

ஊர்ப் பெயர்களுக்கு ‘த’ வேண்டாம்: புதுக்கோட்டை, அறந்தாங்கி, திருமயம். ஆறு, கடல், மலைத்தொடர்களுக்கு வேண்டும்: ‘த வெள்ளார்’, ‘த பே ஆஃப் பெங்கால்’. நீலகிரி மலைத்தொடரின் பெயர் என்பதால்தான், அந்த மாவட்டத்தின் ஆங்கிலப் பெயரே ‘த நீலகிரிஸ்’.

உச்சரிப்பில் ஒரு டிப்ஸ்: உயிரெழுத்து ஒலிக்கு முன்னால் ‘த’ அல்ல, ‘தி’. உதாரணம்: ‘தி ஆபீஸ்’.

இத்தனூண்டு சொல்தானே என்று விட்டுவிட முடியாது. 1967 நவம்பர் 22-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 242-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டுப் போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் வெளியேற வேண்டும் என்றது தீர்மானம். ஆங்கில வாசகத்தில் ‘பகுதிகள்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘த’ இல்லை. அப்படியானால் பிடித்த எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா? அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

அடுத்த முறை ஆங்கிலத்தில் மெசேஜ் தட்டும்போது, படிப்பவர் “எது?” என்று திருப்பிக் கேட்பாரா என்று யோசியுங்கள். கேட்கமாட்டார் என்றால், தயங்காமல் ‘த’ போடுங்கள்!