கடலுக்கு முதுகு காட்டிய நகரம்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் மூத்தோர் ஐக்கியத்தார் ஒரு வேண்டுகோளுடன் என்னிடம் வந்தார்கள். கோடைக்கால ஒருநாள் பயணமாக அட்லாண்டிக் சிட்டிக்குப் பேருந்து பேசியிருப்பதாகவும், அதைச் சபை அறிவிப்பில் வாசிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பேருந்து போய் நிற்கும் இடம் ஒரு கேசினோவின் வாசல். நான் மறுத்துவிட்டேன். அப்போது ஒரு சகோதரர், "ஐயா, ஆளுக்கு இருபது டாலருக்கு மேல் நாங்கள் விளையாடப் போவதில்லை. அந்தப் பணமும் நலிந்துபோன ஓர் ஊருக்கு உதவிதானே?" என்றார். அவர் கள்ளமின்றிக் கேட்டார். ஆகவே அவருக்குரிய பதிலையே இந்த வாரத் தியானமாக எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, அந்த ஊர் சூதாட்டத்தில் பிறந்த ஊர் அல்ல. 1854-இல் இருப்புப்பாதை வந்தபோது பிலடெல்பியாவின் மக்கள் கடற்காற்றைத் தேடி அங்கே வந்து இறங்கினார்கள். 1870-இல் மணலின்மேல் போடப்பட்ட பலகை நடைபாதை இந்த நாட்டிலேயே முதலாவது. பிற்காலத்தில் விமானப் பயணம் எளிதாகி, மக்கள் வேறு கடற்கரைகளை நாடிப் போனபோது ஊர் நலிந்தது. 1964-இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு அங்கே கூடியது. ஊரின் வறுமையை நாடே கண்டது. 1974-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் கேசினோக்களை அனுமதிக்கலாமா என்று கேட்கப்பட்டபோது வாக்காளர்கள் மறுத்தார்கள். 1976-இல் அட்லாண்டிக் சிட்டிக்கு மட்டும் என்று கேட்டபோது இசைந்தார்கள். 1978 மே மாதத்தில் முதல் கேசினோ திறக்கப்பட்டது. ஊர் புத்துயிர் பெறும் என்பதும், வரிப்பணம் முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் போய்ச் சேரும் என்பதும் அன்று தரப்பட்ட வாக்குறுதிகள்.

அந்த வாக்குறுதி என்னவாயிற்று? 1970-இல் அங்கே 47,859 பேர் வாழ்ந்தார்கள். 2020-இல் 38,497 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வறுமையில் இருக்கிறார். குடும்பத்துக்கு வேண்டியதையெல்லாம் ஒரே கூரையின்கீழ் வாங்க ஒரு பெரிய மளிகை அங்காடி வேண்டும் என்று ஊரார் நெடுங்காலம் கேட்டார்கள். 2021-இல் அதற்கு அடிக்கல் நாட்டு விழாவும் நடந்தது. அந்தத் திட்டம் கைகூடாமல் போயிற்று. இரவு பகலாகச் சூதாட இடமுள்ள ஊரில், ஒரு தாய் காய்கறி வாங்கப் பேருந்தேறி வெளியூர் போக வேண்டியிருந்தது. இதைத்தான் நாம் செழிப்பு என்று அழைத்தோம்.

இது தற்செயலாக நேர்ந்தது அல்ல. கேசினோ என்பது வந்தவர் வெளியே போகாதபடி கட்டப்படுகிற வீடு. உணவும் படுக்கையும் பாட்டும் வாகனம் நிறுத்தும் இடமும் அதற்குள்ளேயே உண்டு. விளையாடும் கூடத்தில் பொழுது விடிவதும் அடைவதும் தெரிவதில்லை. கடலோரத்தில் கட்டப்பட்டும் அது கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. பக்கத்துத் தெருவில் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர் அந்த விருந்தாளியைக் காண்பதே அரிது. சகோதரரே, உங்கள் இருபது டாலர் ஊருக்குப் போவதில்லை. ஊரின் நடுவே இருக்கும் ஒரு கட்டடத்துக்குப் போகிறது.

அந்தக் கட்டடங்களாவது நிலைத்தனவா? அவற்றின் பலம் ஒன்றே: அக்கம்பக்கத்து மாநிலங்களில் அது இல்லாதிருந்தது. 2006-இல் கேசினோக்களின் ஆண்டு வருவாய் 520 கோடி டாலரை எட்டியது. அதே ஆண்டின் இறுதியில் பென்சில்வேனியா தன் கதவைத் திறந்தது. பத்து ஆண்டுகளுக்குள் அந்த வருவாய் பாதியாயிற்று. 2014 என்ற ஒரே ஆண்டில் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன; ஏறத்தாழ 8,000 பேர் வேலை இழந்தார்கள். அவற்றுள் ஒன்றான ரெவெல் 240 கோடி டாலர் செலவில் எழும்பி, இரண்டே ஆண்டு நடந்து, பின்பு 8.2 கோடி டாலருக்கு விலைபோனது. 2016-இல் நகராட்சியின் அதிகாரத்தையே மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. இப்போது நியூயார்க் நகரத்துக்குள்ளேயே மூன்று கேசினோக்களுக்கு 2025-இல் உரிமம் வழங்கப்பட்டிருக்கிறது. அயலான் செய்யத் துணியாததைச் செய்து பிழைக்கிற ஊர், அயலான் துணிந்த நாளிலே விழும்.

அதைவிடப் பெரிய போட்டி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. 2013 முதல் இம்மாநிலத்தில் கைப்பேசியிலேயே சூதாடலாம். 2024-இல் அட்லாண்டிக் சிட்டியின் ஒன்பது கேசினோக்களும் தங்கள் கூடங்களில் 282 கோடி டாலர் ஈட்டின; இணையச் சூதாட்டம் 239 கோடி டாலர் ஈட்டியது. இந்த வியாபாரத்துக்கு இனி அந்த ஊரும் வேண்டாம், கடலும் வேண்டாம். செய்தித்தாள் "வருவாய்" என்று எழுதுகிற இடத்தில் "இழப்பு" என்று வாசித்துப் பாருங்கள். அந்த 239 கோடியும் யாரோ சிலருடைய சமையலறையிலும் படுக்கையறையிலும் இழக்கப்பட்ட பணம்.

ஆகாப் ராஜாவையும் நாபோத்தையும் நீங்கள் அறிவீர்கள். அரண்மனைக்கு அருகில் இருந்த திராட்சத்தோட்டம் ராஜாவுக்குக் கீரைக்கொல்லையாக வேண்டியிருந்தது. 1990-களில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு விதவையின் வீடு, அருகிலிருந்த டிரம்ப் பிளாசா கேசினோவுக்கு வரும் சொகுசு வாகனங்களை நிறுத்துவதற்காக வேண்டியிருந்தது. ஊரைப் புதுப்பிப்பதற்கென்று ஏற்படுத்தப்பட்ட மாநில முகமையே அதைக் கட்டாயமாகக் கையகப்படுத்த முற்பட்டது. 1998-இல் நீதிமன்றம் மறுத்ததால் அந்த அம்மையாரின் வீடு தப்பியது. அந்தக் கேசினோ 2014-இல் மூடப்பட்டு, 2021-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஒரு விதவையின் கூரையைவிடப் பெரிதென்று எண்ணப்பட்டது என்னவாயிற்று என்று பாருங்கள்.

"அங்கே இருபதாயிரம் பேருக்குமேல் வேலை செய்கிறார்களே, அவர்களுக்கு என்ன பதில்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறைகளைச் சுத்தம் செய்து, சமைத்து, மேசையில் சீட்டுப் பிரித்துத் தங்கள் பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களை நான் குற்றப்படுத்தமாட்டேன். நம் தெற்காசிய மக்களும் அவர்களுள் பலர். ஆனால் அவர்களைக் காட்டி வாதாடுகிறவர்கள் அவர்களை எப்படி நடத்துகிறார்கள்? 2006-இல் இம்மாநிலம் பணியிடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தபோது, கேசினோக்களுக்கு விலக்களித்தது. மற்றவர் நுரையீரலுக்குத் தீங்கான புகை, சீட்டுப் பிரிப்பவர் நுரையீரலுக்கு மட்டும் தீங்கில்லையா?

"வரிப்பணம் முதியோருக்குத்தானே?" என்பது இன்னொரு வாதம். பேருந்தில் போய் இறங்குகிறவர்களின் வயதைப் பாருங்கள். முதியவரின் கையிலிருந்து எடுத்து, அதில் ஒரு சிறு பங்கை முதியவருக்கே தருவதற்குத் தர்மம் என்று பெயரில்லை.

அப்படியானால் அந்த ஊருக்கு எதிர்காலம் இல்லையா? உண்டு, ஏனெனில் தேவன் அதற்குக் கொடுத்தது இன்னும் அங்கேயே இருக்கிறது. இம்மாநிலத்தின் பல கடற்கரைகளில் கால் வைக்கக் கட்டணம் கேட்கிறார்கள். அங்கே கடற்கரை இலவசம். 2018-இல் ஸ்டாக்டன் பல்கலைக்கழகம் கடலோரத்தில் தன் வளாகத்தைத் திறந்து, மாணவர்களை அங்கே குடியேற்றியது. இவை மெதுவாக வளரும். ஒரே இரவில் கோடிகளைக் கொட்டமாட்டா. ஒரே இரவில் வருவதற்குக் காத்திருந்துதான் அந்த ஊர் அரை நூற்றாண்டை இழந்தது. காற்றாலைத் தொழில் வரும் என்று நம்பினார்கள். 2023-இல் அந்த நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே இன்னொரு மாபெரும் மீட்பரை ஊருக்குத் தேடித் தராதீர்கள். ஊர்கள் அப்படி மீட்கப்படுவதில்லை. கடை கடையாக, வீடு வீடாக, பள்ளி பள்ளியாகவே எழும்புகின்றன. சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தை நினைவுகூருங்கள். வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், அந்நிய நகரத்தின் நன்மைக்காக ஜெபிக்கவும் அல்லவா அவர் சொன்னார்?

மூத்தோர் ஐக்கியத்தாருக்கு என் பதில் இதுவே. பேருந்தை ரத்து செய்யாதீர்கள். அது நிற்கும் இடத்தை மாற்றுங்கள். பலகை நடைபாதையில் நடப்போம். கடலருகே அமர்ந்து ஜெபிப்போம். ஊருக்குள் நடந்துபோய், அங்கே குடியிருப்பவர் நடத்தும் கடையில் சாப்பிட்டு, அந்த இருபது டாலரை அவர் கையிலே கொடுப்போம். நானும் உங்களோடு வருகிறேன். இந்த அறிவிப்பை மகிழ்ச்சியுடன் நானே வாசிப்பேன்.

உங்களில் யாரேனும் இரவில் கைப்பேசியோடு தனியே போராடிக்கொண்டிருந்தால், எந்த நேரத்திலும் என்னை அழையுங்கள். உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். உங்கள் இரகசியம் என்னோடு இருக்கும்.

சிலுவையின் அடியில் சிலர் ஓர் அங்கிக்காகச் சீட்டுப் போட்டார்கள். தலைக்குமேல் ஒருவர் மரித்துக்கொண்டிருந்தார். அவர்களோ நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரியமானவர்களே, நாம் நிமிர்ந்து பார்க்கிறவர்களாய் இருப்போமாக. ஆமென்.