நாக்கு மேல பழியைப் போடாதீங்க சாமி!

"கையில காசு வந்துச்சு, டவுனுக்கு வந்தான், கண்ட எண்ணெயில பொரிச்சதைத் தின்னு உடம்பைக் கெடுத்துக்கிறான்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்கா. சொல்றது யாருன்னு பார்த்தா, நம்மள மாதிரி ஏசியில உக்காந்து பொட்டி தட்டுற ஆளு. வீட்டுல மரச்செக்கு கடலெண்ணெய். உபதேசம் மட்டும் பரோட்டாக் கடையில நிக்கிறவனுக்கு!

பாதி உண்மைதான், ஒத்துக்கிறேன். வருமானம் ஏறினா எந்த ஏழை நாட்டுலயும் தட்டுல மொதல்ல கூடுறது எண்ணெய், பால், முட்டை, கறி. 2001 வாக்குல தலைக்கு வருஷத்துக்கு 8 கிலோ சொச்சம் சமையல் எண்ணெய் சாப்பிட்ட இந்தியா, இப்ப 20 கிலோவைச் சுத்தி நிக்குது. ஐ.சி.எம்.ஆர். சொல்ற அளவு 12 கிலோ. ராத்திரி பத்து மணிக்கு ரூமுக்குத் திரும்புறவனுக்கு கடைதானே அடுப்பு?

ஆனா 'ஏன் இவ்வளவு எண்ணெய்'ங்கறதோட நிறுத்திடுறாங்க. 'ஏன் பாமாயில்'னு யாரும் கேக்குறதில்ல. பஜ்ஜி போடுற அக்கா ருசிக்காகவா அதை வாங்குறாங்க? அதுக்குன்னு ஒரு ருசியே கிடையாதே! விலை கம்மி, திரும்பத் திரும்பக் காய்ச்சினாலும் தாங்கும். அவ்வளவுதான். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனையில 3, 4 டன் எண்ணெய் கிடைக்கும். நிலக்கடலையில ஒரு டன் தேறினாலே பெரிய விஷயம்.

"அப்ப கடலை தோத்தது நியாயம்தானே?"ன்னு கேப்பீங்க. இருங்க, கொஞ்சம் பழைய கதை.

1986-ல ராஜீவ் காந்தி அரசு எண்ணெய் வித்துக்களுக்குன்னு ஒரு தொழில்நுட்ப இயக்கம் ஆரம்பிச்சுது. அப்ப விளைச்சல் சுமார் 1.1 கோடி டன். பத்தே வருஷத்துல 2.4 கோடி டன். தொண்ணூறுகளின் ஆரம்பத்துல கிட்டத்தட்ட தன்னிறைவு. அதாவது, விலையும் ஆதரவும் இருந்தப்ப நம்மாளு விளைவிச்சுக் காட்டினான்.

அப்புறம்? 1994-ல பாமாயில் இறக்குமதியைத் திறந்து விட்டாங்க, 65 சதவீத வரியோட. 1998-ல வரி 15 சதவீதம். 2008-ல கச்சா எண்ணெய்க்கு பூஜ்யம்! இத்தனைக்கும் உலக வர்த்தக அமைப்பு விதிப்படி பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட இந்தியாவுக்கு உரிமை உண்டு. கையை யாரும் கட்டிப் போடலை.

இன்னைக்கும் அதே கூத்துதான். 2024 செப்டம்பர்ல விவசாயியைக் காப்பாத்தன்னு அடிப்படை வரியை 20 சதவீதம் ஆக்கினாங்க. எட்டே மாசம், 2025 மே மாசம் 10 சதவீதம். டவுன்ல விலை ஏறினா வரி இறங்கும். மல்லாட்டை போட்ட விழுப்புரத்துக்காரன் எதை நம்பி அடுத்த போகம் விதைப்பான், சொல்லுங்க?

விளைவு, நாம சாப்பிடுற எண்ணெயில பாதிக்கு மேல வெளிநாட்டுச் சரக்கு. 2022 ஏப்ரல்ல இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டப்ப, மூணு வாரத்துக்கு மேல மொத்த இந்தியாவும் ஜகார்த்தாவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

நம்ம ரேஷன் கடைக்கு வருவோம். 2007-லேருந்து அங்க பாமாயில். லிட்டர் 25 ரூபாய். அதை நான் குறை சொல்ல மாட்டேன், விலைவாசி எகிறுறப்ப லட்சக்கணக்கான அடுப்புகளைக் காப்பாத்தினது அந்த பாக்கெட்தான். ஆனா அந்த அடுப்புல எந்த எண்ணெய்ங்கறதை முடிவு பண்ணது அரசாங்க டெண்டர், சனங்களோட நாக்கு இல்ல.

அரசாங்கம் வாங்குற எண்ணெயில ஒரு பங்கை, முழுசா வேணாம், ஒரு பங்கை மட்டும், நம்ம ஊர் கடலெண்ணெயாவும் தேங்காயெண்ணெயாவும் வாங்கட்டும். வரியை எட்டு மாசத்துக்கு ஒருக்கா ஆட்டாம அஞ்சு வருஷத்துக்கு நிறுத்தட்டும். செலவாகும், மானியம் கூடும், தெரியும். இறக்குமதிக்குக் கொட்டுற டாலர் மட்டும் இலவசமா வருதா என்ன?

அதை விட்டுட்டு பாமாயில் போண்டா சாப்பிடுறவனைப் பார்த்து முகம் சுளிக்காதீங்க. செக்கு எண்ணெய் வாங்குறது உங்க வசதி, அதுல தியாகம் ஒண்ணும் இல்ல.

மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஆனா கணக்கோட வாங்க :-)