பைன் பலகை வாங்குமுன்...

மலிவாகக் கிடைக்கும் பொருளின் குணம் அறியாமல் வாங்கிவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளின் புத்தகங்களுக்காகப் பைன் பலகையில் ஓர் அலமாரி செய்தோம். பார்வைக்கு அழகு; விலையும் கைக்கு அடக்கம். முன்பக்கம் மட்டும் வார்னிஷ் பூசிச் சுவரோடு ஒட்டி வைத்தோம். ஒரு தீபாவளிக்குச் சுவருக்குச் சாயம் அடிக்க அதை நகர்த்தினால், பின்பலகை விரல் பட்டதும் உதிர்ந்தது. கறையான்! கீழ்த்தட்டில் இருந்த என் தந்தையாரின் கடிதங்களும் மண்ணாகிக் கிடந்தன. அலமாரியை மறுபடி செய்துகொள்ளலாம். கடிதங்களுக்கு எங்கே போவது?

குற்றம் மரத்துடையது மட்டுமன்று; வைத்த விதமும் தவறு.

பைன் மரத்தின் நிறைவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை குறைவு. கைரம்பத்தாலேயே அறுக்கலாம். கனத்த மரங்களில் ஆணி வளையும். இதிலே சுலபமாக இறங்கும். புதிதாகத் தச்சுவேலை பழகுகிறவர்களுக்கு ஏற்ற மரம்.

குறைகளும் உண்டு. மென்மையான மரமாதலால் கனமான பொருள் விழுந்தால் பள்ளம் விழும். கணுக்களிலிருந்து பிசின் கசிந்து சாயத்தின் மேல் மஞ்சள் கறை காட்டும். ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். கறையானுக்கோ விருந்து!

பட்டணத்தில் பலர் சரக்குப் பெட்டிகளின் அடிப்பலகைகளைப் பிரித்து அலமாரி செய்கிறார்கள். அவற்றின் முத்திரையைப் பாருங்கள். 'எச்டி' என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி வரை 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியது. அப்போது உள்ளே இருந்த பூச்சிகள் சாகும். பின்னால் வரும் கறையானை அது தடுக்காது. 'எம்பி' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை போட்டது, வீட்டுக்கு வேண்டாம். தாமிரமும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து ஏற்றிய பச்சை நிறப் பலகையும் உண்டு. அதைக் குழந்தைக் கட்டிலுக்கோ சமையலறைக்கோ பயன்படுத்தாதீர்கள், அடுப்பிலும் எரிக்காதீர்கள்.

பைன் வாங்கினால் இவற்றைச் செய்யுங்கள்:

1. கணுக்களின் மேல் முதலில் அரக்கு வார்னிஷ் தடவுங்கள்.

2. முன், பின், அடி என எல்லாப் பக்கமும் பூசுங்கள்.

3. தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் சற்று இடைவெளி விடுங்கள்.

4. ஓரங்களில் ஆணி அடிக்குமுன் சிறு துளை இடுங்கள்; பலகை பிளக்காது.

5. மாதம் ஒருமுறை பின்பக்கம் பாருங்கள்.

குளியலறை, கழுவுதொட்டி அருகில் பைன் வேண்டாம். மேசை, நாற்காலிக்கு நம் ரப்பர் மரத்தையும் எண்ணிப் பாருங்கள். 25, 30 ஆண்டு பால் தந்து முடிந்த மரம் ஒரு காலத்தில் விறகாயிற்று. 1980களிலிருந்து கடல் கடந்து போகும் தளவாடமாகிறது. பைனைவிட உறுதியானது. ஆனால் மருந்து ஏற்றி நன்கு உலர்த்தியதாகக் கேட்டு வாங்குங்கள். இல்லையேல் அதையும் பூச்சி அரிக்கும்.

எந்த மரத்து அலமாரியானாலும் பத்திரங்களையும் பழைய கடிதங்களையும் தகரப் பெட்டியில் வையுங்கள். நான் இப்போது அப்படித்தான் வைக்கிறேன்.